கை குடு, மாப்ள

வேன் ஆலைக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த தோல் ஆலை அது. புதிதாக வாங்கியவர், பின்பக்கம் தரைக்கடியில் இருக்கும் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்.

கணவன், மனைவி, மனைவியின் தம்பி. மூன்று பேரும் சேர்ந்து செய்கிற தொழில். கணவன் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குவான். அவள் மேலே நின்று அவன் கயிற்றையும் காற்றுக்குழாயையும் பார்த்துக்கொள்வாள். மற்ற வேலையெல்லாம் தம்பிக்கு. ஆள் நெட்டை, கழுத்தும் நீளம். மாமன் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவான்.

"ஒட்டகம், அந்த மூடியைத் தூக்கு. கழுத்தை உள்ள விட்டுடாதே, வெளிய எடுக்கறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும்."

"உங்க தொப்பையைவிட என் கழுத்து எவ்வளவோ மேல், மாமா."

இரும்பு மூடி நகர்ந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. கீழே கன்னங்கரேலென்ற இருட்டு. அந்த இருட்டு வெயிலுக்குக் கொஞ்சமும் வழிவிடவில்லை.

ஆலைக் காவலாளி தள்ளியே நின்றார். நரைத்த மீசை, கையில் சாவிக்கொத்து.

"எங்க அண்ணன் இதுக்குள்ளதான் போனான். முதல்ல விழுந்தது வேற ஒருத்தன். அவன் கத்துறான்னு எங்க அண்ணன் குதிச்சான். எங்க அண்ணன் கத்துறான்னு இன்னொருத்தன் குதிச்சான். நானும் குதிச்சிருப்பேன், ஆளாளுக்குப் பிடிச்சு அமுக்கிட்டாங்க."

"விஷவாயுங்க," என்றாள் அவள். "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பரவாயில்லை. மூக்கு மரத்துப்போய் நாத்தம் தெரியாமப் போச்சுன்னா ஆள் காலி."

"அது தெரியும்மா. விழுந்த கையோட அந்த முதல் ஆள் செத்துட்டான்னு டாக்டர் சொன்னார்." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா கத்தினது யாரு?"

அவள் காற்றடிக்கும் குழாயைப் பிரித்துக் குழிக்குள் இறக்கினாள்.

வெகுநேரம் உள்ளே காற்றடித்தார்கள். விஷவாயுவை அளக்கும் கருவியில் அளவு இறங்கியது. கணவன் முகமூடியை மாட்டுவதற்கு முன் மச்சானைப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"எனக்கு என்ன ஆனாலும் நீ இறங்கக் கூடாது. கயித்துல தூக்கு. தூக்க முடியலைன்னா தீயணைப்புக்குப் போன் பண்ணு. இன்னொரு முகமூடி இல்லை, ஞாபகம் இருக்கட்டும்."

குழிக்கு மேல் நிறுத்தியிருந்த இரும்பு முக்காலியில் தொங்கிய கயிறு அவனை மெல்ல இறக்கியது. தலைவிளக்கின் வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போய், சேற்றைத் தொட்டு நின்றது. கயிறு ஒரு முறை ஆடியது. நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் மண்வெட்டி சேற்றில் புதையும் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு அதுவும் நின்றது.

விளக்கு அணைந்தது.

கயிறு வெடுக்கென்று கீழே இழுபட்டது. முக்காலியின் கால்கள் சிமெண்டைக் கீறிக்கொண்டு நகர்ந்தன. அவள் கயிற்றைச் சுற்றும் உருளையின் கைப்பிடியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள். கைப்பிடி அசையவில்லை. கீழே பொத், பொத் என்று ஒரு சத்தம். துணி துவைப்பதைப் போல, ஈரமான எதையோ யாரோ சுவரில் அடித்தார்கள்.

அடிக்கப்படுவது தன் கணவன் என்று அவளுக்குப் புரிந்தது.

"போனைப் போடுங்க!" என்று காவலாளியிடம் கத்தினாள். அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்ள! கை குடு, மாப்ள!"

தம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவள் குறுக்கே விழுந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"விடுக்கா! மாமா கூப்பிடுறார்!"

"இறங்கினா நீயும் செத்துடுவே!"

"அவர் செத்தா உனக்குப் பரவாயில்லையா?"

அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அவள் விடவில்லை. தரையில் கிடந்த கைவிளக்கை எட்டி எடுத்துக் குழிக்குள் அடித்தாள்.

கணவன் கயிற்றில் தலை துவண்டு, சுவரோடு சுவராகத் தொங்கினான். முகமூடி முகத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு இவ்வளவு தெளிவாக யாராலும் பேச முடியாது.

"கை குடு, மாப்ள!"

குரல் அவனிடமிருந்து வரவில்லை. அவனுக்குப் பின்னால், வெளிச்சம் போகாத மூலையிலிருந்து வந்தது.

"அது மாமா இல்லைடா!"

தம்பி கேட்கும் நிலையில் இல்லை. அவளை உதறித் தள்ளிவிட்டு, ஒரு காலைக் குழிக்குள் விட்டு, விளிம்பை வலது கையால் பிடித்தான். அவள் பக்கத்தில் மூடியை நெம்பின கடப்பாரை கிடந்தது.

எடுத்தாள்.

இந்தக் கையைப் பிடித்துத்தான் அவனுக்கு நடை பழக்கினாள். அந்தக் கையின் மேலேயே ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு வெளியே சரிந்தான். மறுபடி எழப் பார்த்தவனின் முழங்காலிலும் ஒன்று போட்டு, அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னைக் கொலைகாரின்னு சொல்லு. பரவாயில்லை. உயிரோட இருந்து சொல்லு."

கீழே அமைதி. பிறகு குரல் மாறியது. வயதான, கரகரத்த குரல்.

"தம்பி, அண்ணன் இங்கேயே இருக்கேன்டா. இவ்வளவு நாளா ஏன்டா வரலை?"

காவலாளியின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது.

"ஐயா, வேண்டாம்! அது பொய்!"

"தெரியும்மா," என்றார் அவர். முகம் குழந்தை முகம் போல இளகியிருந்தது. "ஆனா குரல் அவனோடதும்மா."

ஒருவன் மேல் உட்கார்ந்திருந்தவளால் இன்னொருவரைப் பிடிக்க முடியவில்லை. வீசின கையில் அவர் வேட்டி முனைதான் சிக்கியது. அதுவும் கிழிந்தது. அவர் குதித்தார். சேற்றில் விழும் சத்தம் வருமுன்பே எதுவோ அவரைக் காற்றில் பற்றிக்கொண்டது. ஒரே ஒரு கதறல். பிறகு நரம்பும் எலும்பும் பிய்கிற சத்தம், பச்சைக் கிளையை முறுக்கி ஒடிப்பது போல.

அந்த நொடியே கயிறு லேசானது.

அவள் பாய்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். கணவன் மேலே வந்தான். தோள்பட்டை மூட்டிலிருந்து கழன்றிருந்தது. கால்சட்டை தொடைவரை கிழிந்திருந்தது. கணுக்காலில் விரல்கள் அழுந்திய தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, பல கைகளுடையவை. முகமூடிக்குள் கண்ணாடியில் மூச்சு படிந்து படிந்து மறைந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்து காவலாளியை எடுத்தபோது அவளைப் பார்க்க விடவில்லை. இளம் வீரன் ஒருவன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில், ஆஸ்பத்திரியில் கணவனும் தம்பியும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். தம்பிக்குக் கையிலும் காலிலும் மாவுக்கட்டு. மருந்து மயக்கத்தில் இருந்தான். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். உதட்டுத் தையல் வலித்தது.

கணவன் கண் திறந்தான்.

"நீ ஏன் உள்ள வந்தே?" என்றான் ஈனஸ்வரத்தில்.

"நான் எங்க வந்தேன்? மேலதான் இருந்தேன்."

"வந்தியே. பக்கத்துல நின்னு, முகமூடியைக் கழட்டுங்க, கழட்டுங்கன்னு கெஞ்சினே. மாட்டேன்னதும்தான் அடிச்சே."

அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வார்டில் வேறு சத்தமே இல்லை. கழிவறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அங்கிருந்து அழுகிய முட்டை நாற்றம் மெல்ல வந்து, சட்டென்று நின்றுபோனது.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட காலை இழுத்துத் தரையில் வைத்தான். அவன் பார்வை அவள் மேல் இல்லை. அந்தக் கதவின் மேல் இருந்தது.

"இதோ வர்றேன்க்கா," என்றான். "எத்தனை தடவைதான் கூப்பிடுவே?"