செருப்பைக் கழற்றிய ஓநாய்

சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு மாசி செத்துக் கிடந்தான்.

வயது இருபத்தாறு. வள்ளூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டுகிறவன். பௌர்ணமியன்று ஓநாயாக மாறுகிறவன். திருவொற்றியூரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றின் மாடியில், மாலை வகுப்புக்கென்று இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள் எட்டு மாதமாக உயிரோடு இருந்தான். அவனைப் பெற்றவள் சங்கமித்ரா. பிணத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

அது படித்துக்கொண்டே ஆடுகிற கதை. திரையில் ஒரு காட்சி வரும். கீழே மூன்று பதில்கள் வரும். எதைத் தொடுகிறோமோ கதை அந்தக் கிளைக்குத் திரும்பும். கடலோரக் குப்பம் ஒன்றில் ரகசியமாக வாழும் ஓநாய் மனிதர்கள். ஆடுகிறவர் இரண்டு பேரில் ஒருவரைக் காதலிக்கலாம். ஒருத்தி வைரம், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். இன்னொருவன் மாசி.

டீக்கடைக் காட்சியில் சங்கமித்ரா ‘நீ பொய் சொல்கிறாய்’ என்ற பதிலைத் தொட்டாள். மாசி பேசாமல் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

‘நீ சொன்னா சரிதான். உன் கண்ணு நிலா மாதிரி இருக்கு’ என்றான்.

அவள் காட்சியைத் திருப்பி வேறு பதிலைத் தொட்டாள். அதற்கும் கண்ணு, நிலா. மூன்றாவது பதில் அவன் கன்னத்தில் அறைவது. அறைந்து பார்த்தாள்.

‘நீ அடிச்சாலும் எனக்கு இனிக்குது.’

‘நானேதான் இப்படி எழுதினேனோ?’ அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். எது கெட்டுப்போனாலும் முதலில் தன்னையே சந்தேகப்படுவது அவள் வழக்கம். வகுப்பில் கை தூக்கும்போதுகூட அவள் கை தோளோடு நின்றுவிடும். ஆனால் இந்த வரி அவளுடையது இல்லை. கனவில்கூட மாசி இதைச் சொல்லமாட்டான்.

வகுப்பை நடத்தும் அடைக்கலமேரி வந்து பார்த்தார். எல்லோருக்கும் மேரிக்கா.

“வேற காப்பி இல்லியா?”

“வூட்ல கம்ப்யூட்டர் ஏதுக்கா? இங்கதான் அடிச்சேன்.”

“ஏழரைக்கு அந்தம்மா வராங்க.”

அந்தம்மா ஒரு விளையாட்டுக் கம்பெனியிலிருந்து வருகிறவர். ஆடிப் பார்த்து, எழுதியவர்களில் ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். சங்கமித்ரா பகலில் கன்டெய்னர் யார்டு கேட்டில் லாரி நம்பர் தட்டச்சு செய்கிறாள். ஒரு வருடமாக அந்தக் கேட்டிலிருந்து வெளியே வர இதுதான் வழி என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“இந்த வழிசலைக் காட்ட முடியாது” என்றார் மேரிக்கா. “மாசியத் தூக்கிட்டு வைரம் மட்டும் வெச்சுக் காட்டலாம். ஆனா யார் பண்ணதுன்னு எனக்குத் தெரியும். அவ பேரையும் எடுத்துட்டுத்தான் காட்டுவேன்.”

அவர் பார்வை நர்மதாவின் நாற்காலி மேல் இருந்தது. வைரத்தை எழுதியவள் நர்மதா.

“கொஞ்சம் டைம் குடுங்கக்கா” என்றாள் சங்கமித்ரா. “கண்டுபுடிக்கறேன்.”

ஃபைல் கடைசியாக மாறியது வியாழக்கிழமை வகுப்பு நேரத்தில், இதே கம்ப்யூட்டரில். அன்று மேரிக்கா வரவில்லை. இருந்தவர்கள் நான்கு பேர். அவளைக் கழித்தால் மூன்று. பாரி, நர்மதா, நிதிஷ்.

மணி ஆறு. நர்மதா கீழே போய் டீ வாங்கிவந்து ஆளுக்கொரு கிளாஸ் வைத்தாள். யாரும் தொடவில்லை.

முதலில் பாரி. வியாசர்பாடிக்காரன், அவள் தெருவுக்கு அடுத்த தெரு. எழுதியதையெல்லாம் கோர்த்து ஓடவைப்பது அவன் வேலை.

“மாசியால உனக்குத்தான் தலைவலி ஜாஸ்தி. நீயே சொல்லிகீற.”

“ஆமா சொன்னேன். வைரத்துக்குப் பத்து கிளை. உன் ஆளுக்கு முப்பத்தெட்டு. கோச்சுகினு போறதுக்கே ஏழு வழி வெச்சுகீற. அதுக்கோசரம் கொலையா பண்ணுவாங்க?”

“கிளைய எண்ணிப் பாத்தியா?”

பாரி தட்டிப் பார்த்தான். புருவம் ஏறியது. “முப்பத்தெட்டும் அப்படியே கீது. பேச்சு மட்டும்தான் மாறிகீது.”

வேலையைக் குறைக்க நினைப்பவன் கிளையை வெட்டுவான். பேச்சை உட்கார்ந்து மாற்றி எழுதி, கிளையை விட்டுவைக்கமாட்டான். பாரி இல்லை.

அடுத்து நர்மதா. அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். நர்மதாவுக்குச் சாதாரணப் பேச்சே எதிர்த்தெருவுக்குக் கேட்கும்.

“இன்னாம்மே, போலீஸ் ஆயிட்டியா?”

“மாசி செத்தா லாபம் உனக்கு.”

“அத்த நானே ஒத்துக்கறேன். ஆனா இத்தப் படி.” திரையில் விரலை வைத்தாள். “‘நீ அடிச்சாலும் எனக்கு இனிக்குது.’ இப்டி ஒரு வரி நான் எழுதினேன்னு தெரிஞ்சா எங்கம்மா மீன் வெட்ற கத்தியாலயே வெட்டும்.”

பாரி சிரித்துவிட்டான். சுவரோரம் படம் வரைந்துகொண்டிருந்த நிதிஷும் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

நர்மதா கடைசிக் காட்சி வரைக்கும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். எண்ணூர் முகத்துவாரத்தில், பௌர்ணமி இரவில், மாசி காதலியைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும் காட்சி.

“ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. இங்க மட்டும் உன்னோடத விட இதுதான் சரி.”

“எது?”

“படி.”

‘செருப்பைக் கழட்டிக் கரையில் வெச்சுட்டு மாசி போட்டில் ஏறினான்.’

“நீ இன்னா எழுதியிருந்தே? செருப்புக் காலோட தாவி ஏறினான்னு. படிக்கறப்பவே எனக்குப் பேஜாரா ஆயிடுச்சு. எங்காளுங்க யாராச்சும் செருப்போட போட்ல காலை வெப்பாங்களா? சோறு போட்ற சாமி அது. எங்க நைனா குடிச்சுட்டு நிதானம் இல்லாம வந்தாலும் செருப்பு கரையிலதான் கெடக்கும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ ரெண்டு நாள் சோறு துன்ன மாட்டே.”

சங்கமித்ரா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவளுக்குப் படகும் பஸ்ஸும் ஒன்றுதான். காலை வைத்தால் ஏறியாயிற்று. மாற்றியவர் அந்தத் தவற்றைத் திருத்த உட்காரவில்லை. அவர் கை தானாகச் செருப்பைக் கழற்றியிருக்கிறது. படகில் ஏறுவதை வேறு மாதிரி அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“பாத்தியா” என்றார் பின்னால் நின்றிருந்த மேரிக்கா. “மீன்காரங்க வூட்டுப் புள்ளதான் பண்ணியிருக்கு. அவ வாயாலயே வந்துடுச்சு.”

நர்மதாவின் முகம் சுண்டிப்போனது.

‘அவள் வாயால்தான் வந்தது’ என்று சங்கமித்ரா நினைத்தாள். ‘செய்தவளாக இருந்தால் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டியிருப்பாளா?’ அப்படியே இன்னொரு எண்ணமும் வந்தது. ‘நான் நினைப்பது தப்பாக இருந்தால்? எனக்குப் பிடித்தவளைக் காப்பாற்றப் பார்க்கிறேனா?’ அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாக மறுபடி படிப்பதென்று முடிவு செய்தாள். எது மாறியது என்று இதுவரை பார்த்தாயிற்று. மாறாதது எது?

அவள் மாசிக்குக் குறிப்பான குணங்கள் கொடுத்திருந்தாள். ஆறிப்போன டீயையும் ஊதித்தான் குடிப்பான். சிரிப்பு வந்தால் தோளில் துடைத்துக்கொள்வான். கோபம் வந்தால் பஸ் டிக்கெட்டைச் சின்னச் சின்னதாக மடிப்பான். கதவைத் திறக்குமுன் கைப்பிடியை முகர்வான். கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். அதன் காரணத்தைக் கடைசிக் காட்சியில், சரியான பதில்களைத் தொட்டு வந்தவரிடம் மட்டும், அந்தப் படகில் வைத்துச் சொல்வான்.

டிக்கெட் அப்படியே இருந்தது. கைப்பிடியை முகர்வதும் இருந்தது. ஊதுவது இல்லை. தோளில் துடைப்பது இல்லை. கடலுக்கு முதுகு காட்டுவது இல்லை. காரணமும் இல்லை, அந்த இடத்தில்தான் கண்ணும் நிலாவும்.

மாசியை ஒழிக்க நினைத்தவர் ஐந்தையும் எடுத்திருப்பார். இவர் மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். ஏன் இந்த மூன்று?

ஆறு முப்பத்தைந்து. கீழே எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்னும் கேட்க வேண்டியது ஒருவனை. நிதிஷ் எண்ணூரிலிருந்து வருகிறவன். பகலில் மணலியில் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறான். மாசிக்கும் வைரத்துக்கும் முகம் வரைந்தவன் அவன்தான். அதிகம் பேசமாட்டான். காற்று வருகிற ஜன்னல் சீட்டுக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். அவன் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்காருவான்.

“நிதிஷ், வியாழக்கெழம நீ...”

“கேளு” என்று அவன் பென்சிலை வைத்துவிட்டு டீ கிளாஸை எடுத்தான். அரை மணி நேரத்துக்கு மேலாக இருந்த டீ. மேலே ஆடை கட்டியிருந்தது.

அவன் அதை ஊதினான்.

இரண்டு முறை ஊதிவிட்டு ஒரு வாய் குடித்தான்.

சங்கமித்ரா சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல். அதற்கு முதுகு காட்டிய நாற்காலி. சற்று முன் தோளில் துடைத்த சிரிப்பு. தானே கற்பனை செய்ததாக எட்டு மாதம் பெருமைப்பட்டதெல்லாம் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

தனியாகக் கூப்பிட்டுப் பேசலாமா என்று யோசித்தாள். ஆனால் நர்மதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பேர் எல்லோர் முன்னாலும் கெட்டது. எல்லோர் முன்னாலும்தான் சுத்தமாக வேண்டும்.

“மேரிக்கா, நர்மதா இல்ல” என்றாள். “நிதிஷ்தான்.”

நிதிஷ் கிளாஸைக் கீழே வைத்தான்.

“அவனா?” என்றான் பாரி. “அவனுக்கு இன்னா லாபம்?”

“செருப்பு மீன்காரங்க வூட்டு ஆளைக் காட்டுது. நர்மதா மட்டும்தான் அப்டின்னு நெனச்சுட்டோம். நிதிஷ் எண்ணூர்க் குப்பத்துல பொறந்தவன். கடலப் பத்தி வாயத் தொறக்க மாட்டான், அதனால மறந்துட்டோம். மாசியோட அஞ்சு பழக்கத்துல மூணு போச்சு. மிச்சம் இருக்கற ரெண்டும் நான் கட்டுனது. போன மூணும்...” அவள் அந்தக் கிளாஸைக் காட்டினாள். “அது எதுன்னு அது யாருதோ அவனுக்கு மட்டும்தான் தெரியும்.”

பட்டறையில் யாரோ எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அது அடங்கியதும் நிதிஷ் நிமிர்ந்தான்.

“டீ, சிரிப்பெல்லாம் பரவால்ல” என்றான். “எங்கப்பா கதை? போன மழைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னுகினு உங்கிட்ட சொன்னது. பௌர்ணமி அன்னிக்கு போட் கவுந்தது, நான் அவர் கைய புடிச்சுகினு இருந்தது, தண்ணி பளபளன்னு இருந்தா இன்னும் அவர் கை மட்டும் தெரியறது. வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ அத்த பரிசு மாதிரி வெச்சுகீற. கரெக்டா மூணு பட்டனை அமுக்குனா மாசி அழுவான். யார் வேணா அமுக்கலாம்.”

அவள் மறந்தே போயிருந்தாள். மழை, பஸ் ஸ்டாப், அவன் சொல்லி முடித்ததும் வந்த பஸ், எல்லாம் இப்போதுதான் திரும்பி வந்தன.

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் வந்தேன். நீ அந்தக் காட்சிய அவ்ளோ சந்தோஷமா படிச்சுக் காட்டினே.” அவன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தான். “உன் பழசு இதுல கீது. தூக்கிப் போட மனசு வரல. மிச்சத்தை குடோன் கம்ப்யூட்டர்ல நான் எழுதி, வியாழக்கெழம இதுல ஏத்துனேன். எனக்கு எழுத வராது.”

“அது நல்லாத் தெரிஞ்சுது” என்றாள் நர்மதா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

மேரிக்கா நர்மதாவின் தோளைத் தொட்டு, “தப்பா நெனச்சுட்டேம்மா” என்றார். பாரி பென் டிரைவுக்குக் கை நீட்டினான். “குடு, அஞ்சு நிமிஷத்துல ஏத்திடறேன்.”

“வேணாம்” என்றாள் சங்கமித்ரா.

பென் டிரைவை எடுத்து நிதிஷிடமே கொடுத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“அது உன்னோடது, நிதிஷ். கேக்காம எடுத்துட்டேன். ஆனா நீயும் என் எட்டு மாசத்தைக் கேக்காம எடுத்தே. அதுக்கு நீ எனக்குப் பதில் சொல்லணும். இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள்.” கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “பாரி, முப்பத்தெட்டு கிளையும் இருக்கட்டும். டீக்கடையும் போட்டும் மட்டும் நான் புதுசா எழுதறேன். அடிக்க அடிக்க நீ கோர்த்துகினே வா.”

“முக்கா மணி நேரத்துலயா?”

“ஆமா.”

‘வராவிட்டால்?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் பழக்கமானது. கேட்டில் நம்பர் அடித்துவிட்டு மறுபடி மறுபடி சரிபார்க்க வைக்கிற குரல், வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவளைத் திரும்ப மேலே ஏற்றுகிற குரல். அவள் விரல் விசைப்பலகை மேல் நின்றது. பிறகு அந்தக் குரலையே மாசிக்குக் கொடுத்தாள்.

மாசி பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். பௌர்ணமி இரவில் உள்ளே பூட்டிக்கிடக்க வேண்டிய ஓநாய் தான்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தான் உண்மையிலேயே உள்ளே இருக்கிறோமா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

எழுதிக்கொண்டே போனாள். படகுக் காட்சி வந்ததும் நிறுத்தினாள். “நிதிஷ், செருப்பு?”

“அத்த வெச்சுக்கோ” என்றான் அவன். “அது எல்லாருக்கும் பொது.”

ஏழரை மணிக்கு அந்தம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட உட்கார்ந்தார். வைரத்தோடு சண்டை போட்டுச் சிரித்தார். பிறகு மாசியிடம் போனார். ‘நீ பொய் சொல்கிறாய்’ என்பதைத் தொட்டார்.

மாசி பேசாமல் எழுந்தான். வாசல் வரை போனான். ‘பொய் இல்லை. ஆனா நிஜமான்னு கேட்டா, நான் திரும்பிப் போய் ஒரு தடவை பாத்துட்டு வரணும்’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தம்மா காட்சியைத் திருப்பி வேறு பதிலைத் தொட்டார். அதற்கும் அவன் மசியவில்லை. மூன்றாவது முறை அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பாரி மேஜைக்கடியில் நர்மதாவின் காலை மிதித்தான்.

கடைசியில் மாசி கரையில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். வைத்தது நேராக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு படகில் ஏறினான்.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஓநாய் யாரோடது?”

சங்கமித்ராவின் கை உயர்ந்தது. தோளைத் தாண்டி முழுசாகவே உயர்ந்தது.

“என்னோடது” என்றாள்.