தானே வருவதாகச் சொன்னது

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மை விரலில் ஒட்டாது. ஜலஜாவின் ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்தது. பழுப்பு நிறம், லேசான ஈரம், முகர்ந்து பார்த்தால் துருப்பிடித்த ஆணியின் வாசனை. வெளியே கிடர்பூர் துறைமுகப் பேட்டை முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்ததால், கூரை ஒழுகி நனைந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்துதான் இருந்தது. அந்தக் கற்றையில் மற்ற கடிதங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்க, இது ஒன்று மட்டும் துவண்டு கிடந்தது.

நேற்று இந்தக் கற்றையில் இந்தக் கடிதம் இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

விட்லாக் துரை விக்டோரியா ராணி காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர். சீக்காளி மனுஷர். இங்கிலாந்தில் தன் அறையை விட்டு நகராமலே உலகத்துப் பூச்சி புழுவையெல்லாம் கடிதம் எழுதியே வரவழைத்தவர். சக விஞ்ஞானிகள், பாதிரிகள், தேயிலைத் தோட்டத் துரைகள், நோட்டுப் புத்தகத்தில் இலை ஒட்டும் ரசிகைகள் என்று யார் எழுதினாலும் உடனே பதில் போடுவார். பதிலின் கடைசியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஒன்று பிடித்து அனுப்புங்கள். வந்த கடிதங்களும் அவர் போட்ட பதில்களின் நகல்களும் ஏலத்தில் ஒரு வங்காளப் பிரபுவின் கைக்கு வந்து, அவருடைய இந்தப் பழைய வீட்டின் மாடியறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. படித்துப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஜலஜாவின் வேலை. புருஷன் ஹரிஷங்கருக்கு ஹால்தியா துறைமுகத்தில் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் மனிதர். மகள், ஏழு வயது சுபிக்ஷாவின் பள்ளிக்கூட வேன் இந்த வீட்டு வழியாகத்தான் போகும். அதனால் இந்த வேலை அவளுக்கு ரொம்பத் தோதாக இருந்தது.

அந்தக் கற்றை வைத்தியநாதன் என்பவருடையது. கும்பகோணத்துக்காரர், கிடர்பூர் சுங்க ஆபீசில் குமாஸ்தா, துரைக்கு வண்டு பிடித்து அனுப்பியவர். தமிழை அப்படியே இங்கிலீஷில் போட்டு எழுதுவார். ஒவ்வொரு கடிதத்தையும் "நான் போய் வருகிறேன்" என்று முடித்திருந்தார். முதல் நாள் படித்தபோது ஜலஜா வாய்விட்டுச் சிரித்தாள். நம் வீடுகளில் போறேன் என்று யார் சொல்வார்கள்? சுபிக்ஷாவுக்குத் தமிழை விட வங்காளிதான் நன்றாக வரும், ஆனால் எங்கேயிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் சொல்லாமல் படி தாண்டமாட்டாள். அந்த மட்டும் ஜலஜாவுக்குப் பெருமை.

துரைக்கு இது எப்படிப் புரியும்? "வருவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்காக ஓர் அறை தயார் செய்திருக்கிறேன். எப்போது?" என்று பதில் போட்டிருந்தார். குமாஸ்தா மரியாதைக்காரர், துரையைத் திருத்த மனசு வரவில்லை. அடுத்த கடிதத்திலும் போய் வருகிறேன். "சொல்லிவிட்டு வராதவர்களை எனக்குப் பிடிக்காது" என்று அடுத்த பதில். ஓர் ஆடி மாசத்தோடு வைத்தியநாதனின் கடிதங்கள் நின்றுபோயின. அவருடைய மேலதிகாரி எழுதியது ஒன்று மட்டும் இருந்தது. குமாஸ்தா வேலைக்கு வரவில்லை, அவர் அறை உள்பக்கம் தாளிட்டிருக்கிறது, உள்ளே ஆளில்லை, தங்களுக்கு ஏதாவது தெரியுமா? அதற்குத் துரையின் பதில், பூச்சிகளுக்கு எழுதிக் கட்டும் சீட்டு மாதிரி, ஒரே வரி.

"ஆண். முப்பத்திரண்டு வயது. கிடர்பூர். தானே வருவதாகச் சொன்னது."

துரைமாரின் கிண்டல் என்று நினைத்து முதல் நாளே அதையும் டைப் அடித்துவிட்டு எழுந்தவள், விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும்போது பழக்கத்தில் "வரேன்" என்றாள். யாரிடம்? யாரிடமும் இல்லை, நாக்கு பழகின பழக்கம். வராந்தாவில் நின்ற காவலாள் நிதாய்தாவுக்குத் தொனியிலேயே புரிந்து முகம் மாறிவிட்டது. நம் 'வரேன்' அவர்களுக்கு 'ஆஷி'. இந்த அறையில் 'ஆஷி' சொல்லாதே தீதி, பேசாமல் இறங்கிவிடு என்று வங்காளியில் சொன்னார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோமே, அந்த மாதிரியா என்று கேட்டு அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அவளை மீறி அந்த வார்த்தை வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது ஈரக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். அதே சாய்ந்த கையெழுத்து.

"அம்மணி, தாங்கள் வருவதாக இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டீர்கள். இன்னும் வரவில்லை. தங்களுக்கு வசதிப்படாவிட்டால் குட்டியை அனுப்பினாலும் போதும். குட்டிகள் நீண்ட பயணத்தைத் தாங்கும்."

அவள் வேலைக்கு வந்து நேற்றோடு பதினோரு நாள்.

கடிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, பின்பக்கப் படியில் இறங்கி, முற்றத்து முழங்கால் தண்ணீரில் நடந்து நிதாய்தாவின் அறைக் கதவைத் தட்டினாள். பூட்டியிருந்தது. மணி நாலரைதான், ஆனால் மேகம் கவிந்து வீடு முழுக்க இருட்டியிருந்தது. எங்கேயோ துறைமுகத்துக் கப்பல் ஒன்று ஊதியது. அது ஓய்ந்ததும் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம். அதற்கும் அடியில், மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

போன் அடித்தது. ஸ்கூல் வேன்காரர், வங்காளியில்.

"பௌதி, உங்க வீட்டு ரோடெல்லாம் தண்ணி. பாப்பாவை நீங்க வேலை செய்யற வீட்டு வாசல்லயே இறக்கி விட்டேன். அம்மா மேலதான் இருப்பான்னு அதுவே படியேறிப் போயிடுச்சு."

ஜலஜா ஓடினாள். புடவை காலைச் சுற்றியது. ஒரு படியில் முட்டி இடித்தது. வலிக்கவில்லை. மேலே பேச்சுக்குரல். சுபிக்ஷாவின் குரல். பதில் சொல்லும் குரல். கேள்வி கேட்கும் குரல் மட்டும் கேட்கவில்லை.

"ஏழு." "சுபிக்ஷா." "ரெண்டு பல்லு விழுந்திருக்கு. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு."

அறையில் பூச்சிகளைப் பதப்படுத்தும் கற்பூரமும் சாராயமும் கலந்த வாசனை. குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து ஈர ஷூவை ஆட்டிக்கொண்டிருந்தது. எதிரே இன்னொரு நாற்காலி. காலி.

"அம்மா, இந்தத் தாத்தா எவ்ளோ கேள்வி கேக்கறார் தெரியுமா? என்னல்லாம் சாப்பிடுவேன்னு கேட்டார். கையை ஸ்கேல் வெச்சு அளந்து பாத்தார். சில்லுனு இருந்தது."

ஜலஜா எதிர் நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"வாயைத் திறக்காதே. ஒரு வார்த்தை பேசப்படாது. கிளம்பு."

"ஏம்மா?"

"பேசாதேன்னா பேசாதே!"

கதவு பத்தடி. எட்டு. ஐந்து. பின்னால் நாற்காலி முனகியது, உட்கார்ந்திருப்பவர் முன்னால் குனிந்தால் முனகுமே, அப்படி. திரும்பவில்லை. மூன்றடி. குழந்தை தயங்குவது கையில் தெரிந்தது. இழுத்தாள். நிலைப்படி. இன்னும் ஒரே எட்டு.

"சொல்லிக்காமப் போனா தப்பும்மா. நீதானே சொல்லியிருக்கே."

ஜலஜாவின் உள்ளங்கை அந்த வாயை மூடப் பாய்ந்தது. சுபிக்ஷா அதற்குள் உள்ளே திரும்பி, அழகாக, கற்றுக்கொடுத்தபடி சொல்லிவிட்டாள்.

"தாத்தா, போயிட்டு வரேன்."

நம் வீடுகளில் இதற்குப் பதில், போயிட்டு வா.

உள்ளேயிருந்து வந்தது அதில் பாதிதான். வறண்ட தொண்டை. புதிதாகக் கற்றுக்கொண்ட தமிழ்.

"வா."

குழந்தையின் கை ஜலஜாவின் பிடிக்குள் திரும்பியது. பின்பக்கமாக இழுத்தது. ஏழு வயசுப் பலம் இல்லை அது. ஜலஜா இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

மணிக்கட்டில் நூல் கட்டியிருந்தது. நூலில் ஒரு சின்னச் சீட்டு. பெண். ஏழு வயது. கிடர்பூர். அதற்குக் கீழே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈர மையில் ஒவ்வோர் எழுத்தாக எழுந்துகொண்டிருந்தது.

தானே வருவதாகச் சொன்னது.