ஒரு சிரிஞ்ச் காணவில்லை!

ட்ர்ர்ரிங்...!

ஸ்கேன் அறை போன் அலறியது. தலைமை நர்ஸ் பாய்ந்து எடுத்தாள்.

"சிஸ்டர், ஜெல் ஊசி போட்டாச்சா?" ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சர்ஜன்.

"டாக்டர்... ஜெல் சிரிஞ்சைக் காணோம்!"

"என்னது! வேற இருக்கா?"

"இருந்ததே அது ஒண்ணுதான் டாக்டர்..."

"அரை மணிக்குள்ள கண்டுபிடிங்க!"

ஐஸ் டப்பாவில் வைத்தது அவள்தான். சூடு பட்டால் உறைந்துவிடும் ஜெல் அது. உறவினரிடம் கையெழுத்து வாங்க வெளியே போய்த் திரும்புவதற்குள் மாயம்!

ஸ்கேன் மேஜையில் உட்கார்ந்திருந்த பேஷண்டோ குஷியாகிவிட்டார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ஆயிற்றே!

"கேஸை என்கிட்ட விடுங்க சிஸ்டர்!" வலது கையை நீட்டி மிரட்டினார். "யோவ் டெக்னீஷியன், ஏன்யா திருட்டு முழி முழிக்கிற?"

"பொறந்ததுலேர்ந்தே இதே முழிதான் சார்!" கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் அலறினான்.

"சார், முதல்ல காய்ச்சல் பார்க்கணும்." நர்ஸ் தெர்மாமீட்டரை நீட்டினாள்.

விசாரணை வேகத்தில் அதை இடது கக்கத்தில் செருகிக்கொண்டார்.

பீப்!

எடுத்துப் பார்த்தாள். தொண்ணூறு டிகிரி! எட்டு டிகிரி குறைவு!

உடம்பு இவ்வளவு குளிர்ந்தால் மனுஷன் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். இவர் குறுக்கு விசாரணை செய்கிறார்! இடது கை மட்டும் விலாவோடு ஒட்டியே இருந்தது.

"சிஸ்டர்... ஜெல் இல்லேன்னா ஆபரேஷன் கேன்சல்தானே?"

ஓஹோ...! அப்படியா சங்கதி!

"யார் சொன்னா? நுரையீரல்ல பயறு அளவுதான் கட்டி. கைக்குத் தட்டுப்படாது. ஜெல் அடையாளம் இருந்தா அந்த இடத்தை மட்டும் எடுப்பாங்க. இல்லேன்னா குத்துமதிப்பா... பெரிய துண்டா வெட்டுவாங்க!"

இன்ஸ்பெக்டர் முகம் வெளுத்தது.

"சார்... கையைத் தூக்குங்க!"

தூக்கினார். இரண்டையும்!

பொத்!

இன்னும் சில்லென்றிருந்த, உறை பிரிக்காத சிரிஞ்ச் அவர் மடியில் விழுந்தது.

"கத்தின்னாலே எனக்குப் பயம் சிஸ்டர்... ஐயையோ, உறைஞ்சு போச்சா?"

"பாதிதான். ஐஸ்ல வச்சா இளகிடும்." அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் சொல்லி ஒருத்தன்கூட கையைத் தூக்கினதில்ல சிஸ்டர்!" என்று அசடு வழிந்தார்.

டெக்னீஷியன் மெதுவாக எட்டிப் பார்த்தான்.

"சார்... இப்ப சொல்லுங்க, என் முழி தேவலையா?"