இடது பக்கம்

பம்பை அடிப்பவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். வயிற்றில் எதுவும் துள்ளவில்லை.

கவிப்பிரியா கழுவிய குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஆடிக் கிருத்திகைக்காக நேற்றிலிருந்து மலையடிவாரத் தெருவில் காவடிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பம்பைச் சத்தத்துக்கும் உள்ளே இருப்பது திடுக்கிட்டு ஒரு சுற்றுச் சுற்றி, விலா எலும்புக்கு அடியில் காலை நீட்டும். நேற்று சாயங்காலம் அது உதைத்த உதையில் அவள் மடியில் வைத்திருந்த முறம் ஆடி, அதைப் பார்த்து அவள் கணவன் விஜயன் அப்படிச் சிரித்தான். இன்று சத்தம் வந்தது, சன்னல் கம்பி அதிர்ந்தது, அரோகராக் குரல்கள் தெருமுனை திரும்பித் தேய்ந்தன. வயிறு மட்டும் யாரோ கட்டிவிட்ட மூட்டையைப் போலக் கனத்துத் தொங்கியது.

காலையில் அசைந்ததா? யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. ஒன்பதாம் மாதத்தில் எல்லாமே ஒரே அசதியாகக் கலந்துபோயிருந்தது. கால் வீக்கம், நெஞ்செரிச்சல், புரண்டு படுக்கவே பெருமூச்சு வாங்கும் இரவுகள். தாய்வீடு என்று போக அவளுக்கு யாரும் இல்லை. விஜயன் ஸ்டேஷனுக்கும் மலைக்குமாக ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மாமியார் கோமளவல்லி சரவணப்பொய்கைக் கரையில் பூ விற்கப் போயிருந்தாள். திருவிழா நாளில் வீட்டில் உட்கார யாருக்கு முடியும்?

நர்ஸ் கனிமொழிக்குப் போன் செய்தாள்.

"எப்போல இருந்து அசையலமா?"

"தெரிலக்கா. காலைல இருந்து வேலையாவே இருந்துட்டேன்."

"எதுனா சாப்ட்டு, ஜில்லுனு தண்ணி குடிச்சிட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அப்பவும் அசையலன்னா யோசிச்சுகினு இருக்காத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். புரிதா?"

"ஆங், சரிக்கா."

மொட்டை மாடிச் சூடு இறங்கிக் கட்டில் மெத்தை கொதித்தது. முன்னறைத் தரையில் பாயை விரித்து, சுவரைப் பிடித்து, முட்டியை ஊன்றி, மெல்ல மெல்லச் சாய்ந்து படுத்தாள். வயிறு அவளுக்கு முன்பாகவே போய்ப் பாயில் படிந்தது. கோரைக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. வெளியே கற்பூரமும் மஞ்சள் தண்ணீரும் வியர்வையும் கலந்த வாடை. உள்ளே பிரிட்ஜ் முனகி நின்றது. அது நின்ற பிறகு வந்த அமைதியில் அவள் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அப்போது வந்தது. ஓர் உந்தல்.

கண்ணீர் மூக்கின் மேல் வழிந்து பாயில் சொட்டியது. துடைக்கக்கூடத் தெம்பில்லை. மறுபடியும் ஓர் உந்தல். தொப்புளுக்குப் பக்கத்தில், அதே இடத்தில். முன்பெல்லாம் அது தண்ணீருக்குள் மீன் புரள்வது போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இது அப்படி இல்லை. மெதுவாக அழுத்தும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு விலகும். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று கதவைத் தள்ளிப் பார்ப்பதைப் போல.

அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியத்தான் செய்தது. அசைந்ததே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது அசைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். இல்லை. திரும்பவும் பாயில் படுத்தாள். வயிறு தரையைத் தொட்டதுமே உந்தல் வந்தது. காத்துக்கொண்டிருந்த மாதிரி.

வெயில் சாய்ந்த பிறகு விஜயன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வயிற்றில் வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான்.

"ஒண்ணும் தெரிலயே கவி."

"படுத்தா அசையுதுங்க. நின்னாதான் இல்ல."

"எதுக்கும் காட்டிட்டு வந்துரலாம், கெளம்பு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களும், வாந்தி எடுத்தவர்களும், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தைகளும் நிறைந்திருந்தார்கள். டாக்டரம்மா கருவியை வயிற்றில் அழுத்தினாள். இதயத் துடிப்பு அறை முழுவதும் கேட்டது. தடதடவென்று, யாரோ ஓடுகிற மாதிரி.

"துடிப்பு இருக்கு. ஆனா கொஞ்சம் வேகமா இருக்கே. இடது பக்கம் திரும்பிப் படும்மா, அசையுதான்னு பார்ப்போம்."

உயரமான இரும்புக் கட்டிலில் ஒருக்களித்தாள். காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

"ராத்திரி இங்கயே இரு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துடலாம்."

கவிப்பிரியா வராந்தாவைப் பார்த்தாள். ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களை, கொசுவை, அவர்கள் தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டில்களை. கால் விண்ணென்று வலித்தது. படுக்க வேண்டும். தன் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும்.

"வீட்டுல நல்லா அசையுது மேடம்," என்றாள். "இப்பகூட அசைஞ்சதுக்கு அப்புறந்தான் வந்தோம்."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "நான் இருக்கத்தான் சொல்றேன். போறதா இருந்தா, அசைவு குறைஞ்ச அந்த நிமிஷமே திரும்பி வரணும்."

விஜயனுக்கு மனசில்லை. அவள் பிடிவாதமாக நின்றாள்.

வீட்டில் இறக்கிவிட்டு, "அம்மாவக் கூட்டிகினு ஒடனே வந்துர்றேன்," என்று அவன் ஆட்டோவைத் திருப்பினான். தெருவில் அந்தி சிவந்திருந்தது. காவடிகள் ஓய்ந்து, யாரோ வாசலில் சிந்திய பூக்களைப் பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைப் போட வேண்டும் என்று நினைத்தாள். போடாமலே படுத்தாள்.

உந்தல் வந்தது. மதியத்தைவிடப் பலமாக.

"இருக்கியா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அங்க ஏன் அசையல? எல்லாரும் எவ்ளோ பயந்துட்டோம் தெரியுமா?"

பதில் சொல்வது போல இன்னொன்று.

அதைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசை வந்தது. வயிற்றுக்கும் பாய்க்கும் நடுவே கையை மெல்ல நுழைத்தாள். உள்ளங்கையை மேலே திருப்பி, வயிற்றைத் தாங்கிக்கொண்டாள்.

உந்தல் வந்தது.

புறங்கையில்.

அவளுக்குப் புரியவில்லை. தரையின் மேடாக இருக்கும். பாயின் மடிப்பாக இருக்கும். விரலை நகர்த்திப் பார்த்தாள். பாய் சமமாக இருந்தது. தரை சமமாக இருந்தது.

மறுபடியும். புறங்கையில். கீழிருந்து. கோரை நெரிபட்டு எழும்பும் சத்தத்தோடு.

உள்ளங்கையில் ஒன்றுமில்லை.

பிறகு உள்ளங்கைக்கு மேலே, இன்று முதல் தடவையாக, அவளுக்குத் தெரிந்த அந்தப் பழைய அசைவு வந்தது. வழுக்கிக்கொண்டு, மேலே. இன்னும் மேலே. தரையை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். விலா எலும்புக்கு அடியில் போய் ஒடுங்கி, நடுங்கியது.

எழுந்துவிட வேண்டும். அதற்குக் கையை ஊன்ற வேண்டும். கை அடியில் இருந்தது. வயிற்றின் கனம் முழுவதும் அதன் மேல் இருந்தது. ஏங்க, என்று கூப்பிட்டாள். ஆட்டோ இன்னும் திரும்பி வரவில்லை.

கீழே உந்தல் நின்றது.

அப்புறம், அவள் புறங்கையின் மேல், அழும் பிள்ளையைத் தூங்க வைப்பவர்கள் தட்டுவது போல, மெதுவாக, பொறுமையாக, அது தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.