கெமிஸ்ட்ரி மார்க்கும் மாடி அறையும்

திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே, முந்தின நாள் கெமிஸ்ட்ரியில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். அன்று தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கரண்டி தொட்டிக்குள் போய் விழுந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாரே தவிர, காபி கேட்கவில்லை. அனுபவஸ்தர்.

"பெரியம்மா, நான் மேல போறேன்" என்றபடி தம்பி புத்தகக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். சின்னவளின் மகன். இந்த வாரமும் அவனுக்குத்தான் மாடி அறை.

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போப்பா, போ. உனக்குன்னு எழுதி வெச்சிருக்கு" என்றாள். குரலில் இருந்த புளிப்பு அந்தப் பிள்ளைக்கு உறைத்ததோ இல்லையோ, அவளுக்கே உறைத்தது.

அந்த வீட்டில் அண்ணன், தம்பி என்று இரண்டு குடும்பம். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். அண்ணனுக்கு ஒரு பெண், தம்பிக்கு ஒரு பிள்ளை. பெண்ணை எல்லோரும் பாப்பா என்பார்கள், பிள்ளையைத் தம்பி என்பார்கள். இரண்டும் ஒரே வகுப்பு. இரண்டும் ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வீட்டில் ஒரே ஒரு அறைதான் இருந்தது, மாடியில். அது யாருக்கு என்று சண்டை வந்தபோது மாமனார் நியாயம் வழங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் கெமிஸ்ட்ரியில் யார் கூட வாங்குகிறார்களோ, அவர்களுக்கு அந்த வாரம் அறை. மற்றவருக்குச் சாப்பாட்டு மேசை. மற்ற பாடங்களில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். கெமிஸ்ட்ரிதான் பிரித்துக் காட்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வீட்டை இரண்டாகப் பிரிக்கவும் அதுவே போதும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஆரம்பத்தில் பாப்பாதான் மாடியில் இருந்தாள். அப்போதெல்லாம் பெரியவள் தினமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மேலே ஏறுவாள். திரைச்சீலையை நகர்த்துவாள், தண்ணீர் வைப்பாள், மகள் குனிந்து எழுதுவதைக் கண் நிறையப் பார்த்துவிட்டு இறங்குவாள். பிறகு என்ன ஆயிற்றோ... பாப்பா கீழே இறங்கினவள் இறங்கினவள்தான். குக்கர் விசில், மாமனாரின் டிவி செய்தி, துணி துவைக்கும் இயந்திரத்தின் ஆட்டம், இத்தனைக்கும் நடுவில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? சின்னவள் பெயிண்ட் தொழிற்சாலையில் ஆய்வுக்கூட வேலை பார்க்கிறாள். கெமிஸ்ட்ரி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலை விட்டு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் மாடிக்குப் போய்விடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து அம்மாவும் பிள்ளையும் பேசுகிற சத்தம் கேட்கும், சில சமயம் சிரிப்பும். கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் பெரியவளுக்கு, தானும் ஒரு காலத்தில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

தம்பி பிறந்தபோது சின்னவள் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. இரண்டு கைக்குழந்தைகள், யாராவது ஒருத்தி வீட்டோடு இருந்தாக வேண்டும். "நான் நின்னுக்கறேன்" என்று பெரியவள்தான் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் சரி என்றதுதான் அவளுக்கு இன்றுவரை மனத்தில் கிடக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர், வேண்டாம் என்று ஒப்புக்குச் சொல்லியிருக்கலாம். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டையும் வளர்த்தாள். தம்பி முதலில் சாப்பிட்டது அவள் கையால்தான்.

மேசையைத் துடைக்கப் போனவள், மாமனாருடைய அட்டையில் செருகியிருந்த விடைத்தாள்களைப் பார்த்தாள். அந்தத் தாள்களுக்கும் ஒரு கதை உண்டு. உண்மையான தேர்வில் வட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும். இந்த வீட்டில் பென்சில்தான், மாமனார் உத்தரவு. சின்னவள் திருத்தி மார்க் சொன்னதும், அவர் திங்கட்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ரப்பரால் எல்லா வட்டத்தையும் அழித்து, அதே தாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்துவிடுவார். காகிதத்தை வீணாக்கினால் அவருக்குத் தூக்கம் வராது. அழித்து அழித்து அந்தத் தாள்கள் பழைய கரித்துணி மாதிரி ஆகியிருந்தன.

இன்னும் அழிக்கவில்லை. பெரியவள் மகளின் தாளையும் கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு கேள்வியில் கண் நின்றது. நீரின் தற்காலிகக் கடினத்தன்மைக்குக் காரணம் எது?

இது அவளுக்குத் தெரியும். போன வாரம் கெட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டிப்போயிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பாப்பாதான் சொன்னாள். "சுரண்டாதம்மா. தண்ணியில கால்சியம் பைகார்பனேட் இருக்கு. கொதிக்க வெச்சா அது கார்பனேட்டா மாறி இப்படி ஒட்டிக்கும். இதுக்குப் பேருதான் தற்காலிகக் கடினத்தன்மை. கொஞ்சம் வினிகர் ஊத்து, தானா விட்டுடும்." ஊற்றினாள். நுரைத்துக்கொண்டு விட்டது. இருவரும் தொட்டிக்குமேல் தலையோடு தலை முட்டக் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பாப்பாவின் தாளில் நாலு வட்டமும் காலி. வட்டங்களின்மேல் ரப்பர் தேய்த்த கறை.

பெரியவள் தாளைக் கையில் எடுத்தாள். என் பெண்ணுக்குத் தெரியும். எனக்கே சொல்லிக்கொடுத்தாளே. தெரிந்ததை எழுதாமல் விடுவாளா? அப்படியென்றால் அழித்தது யார்? தாள் யார் கைக்குப் போகிறது?

சின்னவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி வந்தாள். "அக்கா, சாயங்காலம் நான் வர லேட்டாகும்..."

"உன் பிள்ளைக்கு மார்க் வேணும்னா அவனைப் படிக்கச் சொல்லு" என்றாள் பெரியவள். தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் பொண்ணு எழுதினதை ஏன் அழிக்கறே?"

கூடத்தில் பேப்பர் தாழ்ந்தது. பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த பாப்பா அப்படியே நின்றாள். தம்பி மாடிப்படியின் வளைவில் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா சொல்றீங்க?"

"இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? இங்க பாரு, ரப்பர் தேய்ச்சது கண்ணுக்குத் தெரியுது. உன்னை என் கூடப் பிறந்தவளா நினைச்சேனே... உன் பிள்ளையை என் வயித்துல பிறந்ததா வளர்த்தேனே... அதுக்கு இதுவா கூலி? உனக்கு வேலை இருக்கு, மரியாதை இருக்கு. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்தி. அவளோட மார்க்குலயும் உனக்குப் பங்கு வேணுமா?"

சின்னவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் பார்வை ஒரே ஒரு முறை பாப்பாவின் பக்கம் போய் வந்தது. பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "மாமா, இனிமே நான் தாள் திருத்தலை. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்றாள். செருப்பு மாட்டப் போனவளுக்குக் கண்ணீரில் வார் தெரியவில்லை. தடவித் தடவிப் போட்டாள்.

"சித்தி, போகாதீங்க" என்றாள் பாப்பா. "அம்மா, சித்தி அழிக்கலை. அந்தக் கேள்வியை நான்தான் விட்டேன்."

"பொய் சொல்லாதே. உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். அந்த ரப்பர் கறை தாத்தா பழசை அழிச்சது. எல்லா வட்டத்துலயும் இருக்கு, பாரு."

பெரியவள் பார்த்தாள். எல்லா வட்டத்திலும் இருந்தது. பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, பார்க்க நினைத்ததை மட்டும் பார்த்திருந்தாள்.

"தம்பிக்குக் கீழ படிச்சா ஒத்துக்கலைம்மா. சத்தம் கேட்டா படபடன்னு வருது. பரீட்சைன்னாலே வாந்தி எடுக்கறான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினான். எனக்கு எங்க உக்காந்தாலும் ஏறுது... அதான் அவனைவிட ரெண்டு கேள்வி கம்மியா வர்ற மாதிரி எழுதறேன்."

"அவன் எவ்வளவு வாங்குவான்னு உனக்கு எப்படித் தெரியும்?" மாமனார் கேட்டார். மனுஷருக்கு அதுதான் சந்தேகம்.

"எதெது அவனுக்கு வராதுன்னு தெரியும் தாத்தா."

சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியும்க்கா" என்றாள் தலையைக் குனிந்தபடி. "திருத்தும்போதே தெரிஞ்சுது. கஷ்டமான மின்வேதியியல் கணக்கையெல்லாம் சரியாப் போட்டிருக்கா, குழந்தைகூடச் சொல்ற கேள்வியை விட்டிருக்கா. எந்தப் பிள்ளையும் இப்படித் தப்பு பண்ணாது. கேட்டேன். சொல்லாதீங்க சித்தின்னா. நானும்... என் பிள்ளைக்கு அறை கிடைக்குதேன்னு வாயை மூடிக்கிட்டேன். அழிக்கலை. ஆனா நீங்க திட்டினதுல பாதி எனக்குத் தகும்."

பெரியவளின் கோபத்துக்கு இப்போது போக்கிடம் இல்லாமல் போயிற்று. அது மகள்மேல் திரும்பியது. "யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்த? இது உன் வாழ்க்கைடீ. அறையை விடுவே, மார்க்கை விடுவே, நாளைக்கு சீட்டையும் விடுவியா?"

"நீ யாரைக் கேட்டு வேலையை விட்ட?"

பாப்பா எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தான் விட்டுக்கொடுத்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று புழுங்கினாளே, ஒருத்தி கவனித்திருக்கிறாள். கவனித்து, அதையே பாடமாகப் படித்திருக்கிறாள். சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு, பிறகு காலமெல்லாம் பாத்திரத்தை இடிக்கும் பாடம். இந்த ஒரு பாடத்தில் தன் மகள் தோற்க வேண்டுமே என்று அந்தத் தாய்க்கு இருந்தது.

"போதும், இந்த அறைச் சட்டமே வேண்டாம்" என்று மாமனார் பேப்பரை மடித்தார்.

"இருக்கட்டும் மாமா" என்றாள் பெரியவள். "வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை எழுதட்டும். தெரிஞ்சதையெல்லாம் எழுதட்டும். நான் பார்க்கணும்." பிறகு மகளிடம், "எனக்காக எழுது" என்றாள். பாப்பா தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் ஓர்ப்படிகள் இருவரும் உப்புக்கும் சர்க்கரைக்கும் மட்டும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிந்தது. சின்னவள்தான் திருத்தினாள், பெரியவளே தாள்களைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, "நீயே பாரு. உன்னைவிட்டா யாரு?" என்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மார்க் சொல்லப்பட்டது. பாப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து மாமனாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பாப்பா தயங்கித் தயங்கிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பெரியவள் கீழே நின்று பார்த்தாள். இந்த நாளுக்காக எத்தனை வாரம் வயிறெரிந்தாள். இனிக்கும் என்று நினைத்தாள். இனிக்கத்தான் செய்தது, ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்.

பின்கட்டு வாஷ்பேசினிலிருந்து குமட்டுகிற சத்தம் வந்தது. "பெரியம்மா..." என்று தம்பி கூப்பிட்டான். "பெரியம்மா..."

பெரியவளும் சின்னவளும் ஓடினார்கள். பெரியவள் முன்னால் போய்விட்டாள், பழகின கால்கள். கையை நீட்டியவள் பக்கத்தில் பார்த்தாள். சின்னவள் கதவோரமாக நின்றுவிட்டிருந்தாள். கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

"அவன் என்னைக் கூப்பிடலைக்கா" என்றாள் சின்னவள். "ஜுரம் வந்தாலும் உங்களைத்தான், பயந்தாலும் உங்களைத்தான். அவன்கிட்ட உக்காந்து பேச எனக்கு கெமிஸ்ட்ரியை விட்டா வேற என்ன இருக்கு? அதான் அந்தக் கதவைச் சாத்திப்பேன். உங்களைப் பார்த்தாலே எனக்கு எரியும்க்கா... அவன் கைக்குழந்தையா இருந்தப்பலேர்ந்து இப்ப வரைக்கும்."

பெரியவள் அவளையே பார்த்தாள். மாடிக் கதவு சாத்தும்போதெல்லாம் கீழே தான் நின்ற நிற்பு, இந்தக் கதவோரத்தில் இவள் நின்ற நிற்பு... எத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே நெருப்பை ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்திருந்தோம் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வா இங்க" என்று சின்னவளின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். "அழுத்திப் பிடி. தலை தொங்கக் கூடாது. இன்னொரு கையால முதுகை மேலேர்ந்து கீழ தடவு. மெதுவா. ஒண்ணும் கேக்காதே, மார்க் பேச்சே எடுக்காதே. அவனா பேசுவான்."

சின்னவள் பிடித்தாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சின்னவள் ஒரு கையால் மகனையும், ஒரு கையால் பெரியவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "மன்னிச்சுடுங்கக்கா."

"நான்தான் கேக்கணும்" என்றாள் பெரியவள். சின்னவளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு அந்தப் பிடியிலிருந்து தன்னை மெல்ல விடுவித்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மாடி அறைக் கதவு திறந்தே இருந்தது. பாப்பா புத்தகத்தை விரித்து வைத்திருந்தாளே தவிர, காது கீழேதான் இருந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்தாள்.

"தம்பிக்கு வாந்தியாம்மா? நான் கீழ வந்துடறேன். அவன் இங்கயே படிக்கட்டும்."

பெரியவள் மகளின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாத்திரங்கள் அப்படியே கிடக்க, தானும் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு அவங்கம்மா இருக்கா" என்றாள். "நீ படி."