வெறுந்தரையைச் சுற்றிப் போன பூனை

பூனை நேராக வரவில்லை.

கதவிலிருந்து எதிர்ச்சுவரோரம் வைத்திருந்த பால் கிண்ணம் வரை தரையில் ஒரு துரும்புகூட இல்லை. மருந்து ஏற்றிய பூனை எப்படி நடக்கிறது என்று முதலில் வெறுந்தரையில் பார்த்துவிடலாம், தடைக்கட்டைகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இந்த ஆராய்ச்சியை நடத்தும் அவள்தான் சொல்லியிருந்தாள். கரிமூக்கு என்று அவர்கள் கூப்பிடும் அந்தச் சாம்பல் நிறப் பூனை பாதி அறை வரை வந்தது. நின்றது. ஓர் ஆள் நின்றால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தை விட்டு இடப்பக்கமாக ஒதுங்கிச் சுற்றி, மறுபடி பழைய கோட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் பாலைக் குடித்தது.

"ராங்கி பிடிச்சது. நேரா போனா மரியாதை குறைஞ்சிடும்னு நினைக்குது" என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற கால்நடை மருத்துவர். அவளைவிடச் சின்னவள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த பூனையை விடச் சொன்னாள். அதுவும் அதே இடத்தில் நின்று, அதே இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

அவளுடைய ஆராய்ச்சி சோம்பேறிக் கண்ணைப் பற்றியது. கண்ணில் பழுது இருக்காது. மூளைதான் அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். குட்டியாக இருக்கும்போது ஒரு கண்ணின் இமையைச் சில வாரம் தைத்து மூடினால் பூனைக்கும் அந்தக் குறை வந்துவிடுகிறது. தையலைப் பிரித்த பிறகும் அந்தக் கண் சும்மா திறந்திருக்குமே தவிர எதையும் பார்க்காது. அவள் சோதித்துக்கொண்டிருந்த மருந்தை ஏற்றுவது நல்ல கண்ணில். அது நல்ல கண்ணைச் சில நாள் தூங்கவைத்துவிடும். வேறு போக்கில்லாமல் மூளை, தான் ஒதுக்கிவைத்த கண்ணைத் தேடி வரும். அப்படித்தான் அவள் நம்பினாள். நம்பாமல் இருக்கவும் முடியாது. அவளுடைய ஏழு வயது மகளுக்கும் இடது கண் அப்படித்தான். தினமும் சாயங்காலம் வலது கண்ணில் ஒட்டுப்போட்டு மூடிவிடுவார்கள். குழந்தை வீடு முழுக்க முட்டிக்கொண்டு நடக்கும். "நம்ம வீட்டு நாற்காலிக்கெல்லாம் இவ முழங்கால் மனப்பாடம்" என்பான் கணவன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்னும் கொஞ்ச நாள்தான், அதற்கு மேல் அந்தக் கண் தேறுவது கஷ்டம் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதனால் பூனைகளின் போக்கை அவளால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தரையில் ஏதாவது வாடை இருக்கலாம் என்று பினாயில் ஊற்றிக் கழுவினாள். காற்றுக்குழாயை அடைத்துப் பார்த்தாள். விளக்கை மாற்றினாள். மருந்து ஏற்றாத பூனைகள் அந்த இடத்தின் குறுக்கே தாராளமாக நடந்து போயின. மருந்து ஏறியவை மட்டும் சுற்றின. மறுநாளும் சுற்றின, ஆனால் முந்தைய நாள் சுற்றிய இடத்தை அல்ல. அது கதவுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

அந்த அறை கட்டிடத்துக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பகலிலும் அங்கே குழல்விளக்கின் வெளுத்த வெளிச்சம்தான். பினாயில் வாடைக்கு அடியில் பூனை மூத்திரத்தின் காரமும், அதற்கும் அடியில், இத்தனை வருடத்தில் அவள் கவனித்திராத, நெடுநாள் மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற புழுங்கிய துணி வாடையும் இருந்தது. மூன்றாம் நாள் காலை அவளே அறைக்குள் போய், பூனைகள் விலகும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கையை நீட்டினாள். காற்றுதான். சில்லிடக்கூட இல்லை.

கரிமூக்கை விட்டார்கள். இந்த முறை அது சுற்றவில்லை. நேராக வந்து, வாலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, பசித்த பூனை மனிதர் காலில் உரசுமே, அப்படி உரசியது. அவள் காலில் இல்லை. அவளுக்கு இரண்டடி தள்ளி. வெறும் காற்றில். விலாவில் மயிர் படிந்தது. உடம்பின் பாரம் முழுவதையும் அந்தப் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. விழவில்லை. பிறகு மேலே, ஒரு முகம் இருக்கக்கூடிய உயரத்தை அண்ணாந்து பார்த்து, மெல்லக் கத்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மருத்துவர் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்குப் போதும். வெளிய வாங்க."

"கேமரா ஓடுதா?"

"ஓடுது. நீங்க முதல்ல வாங்க."

அவள் கதவைத் திறந்தாள். பூனையின் தலை மெதுவாகத் திரும்பியது. அவளை நோக்கி வந்து, அவளைத் தாண்டி, திறந்த கதவு வழியே வெளியே போன எதையோ அது பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் எல்லாப் பூனைகளும் நேராக நடந்தன.

"பார்த்தீங்களா, தானா சரியாயிடுச்சு. நாமதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டோம்" என்று மருத்துவர் அவள் தோளைத் தட்டினாள். அதற்குள் தடைக்கட்டைகளையும் வைத்துப் பார்த்திருந்தார்கள். நல்ல கண் இன்னும் தூங்கிக்கொண்டிருக்க, கரிமூக்கு ஒரு கட்டையிலும் இடிக்காமல் போனது. மருந்து வேலை செய்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் மழை மேகம் கட்டியிருந்தது. கணவன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். அவள் மகளுக்கு ஒட்டுப்போட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியாக வந்த ஈயநிற வெளிச்சமே போதும்போல இருந்தது. குழந்தை தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தது. பாதி வழியில் நின்றது. ஒதுங்கியது. சுற்றிக்கொண்டு போய் மேசையில் டம்ளரை வைத்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

முட்டவில்லை! கணவனுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக்கூட எடுத்துவிட்டாள்.

பிறகுதான் கூடத்தைப் பார்த்தாள். நாற்காலிகள் சுவரோரம் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

"குட்டி... ஏன் சுத்திப் போன?"

"நடுவுல நிக்கிறாங்கல்ல."

"யாரு?"

குழந்தை அவளை விநோதமாகப் பார்த்தது. "நேத்து உன்கூட வந்தாங்களே, அவங்க. தள்ளி நிக்கச் சொல்லும்மா."

புழுங்கிய துணி வாடை.

அவள் ஓடிப்போய்க் குழந்தையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். ஒட்டைப் பிய்த்தாள். தோல் இழுபட்டுக் குழந்தை வீறிட்டது. இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்தது.

"இப்ப இல்ல" என்றது.

அவள் மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. அது இல்லாமல் போகவில்லை, நல்ல கண் திறந்ததும் தெரியாமல் போயிருக்கிறது. வாசற்கதவு கூடத்தின் அந்தக் கோடியில். நடுவில் பத்தடித் தரை. அந்தப் பத்தடியில் அது எங்கே நிற்கிறது என்று சொல்ல இந்த வீட்டில் ஒரே ஒரு கண்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அவள் மண்டியிட்டு, மகளின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கண்ணிமை கைக்குள் துடித்தது.

"எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுடா. நாம வெளிய ஓடிடலாம்."

இடது கண் கூடத்தைத் துழாவியது.

"கதவுகிட்ட இல்ல."

"சரி."

"நடுவுலயும் இல்ல."

"அப்ப வா, போயி—"

குழந்தையின் முகம் நிமிர்ந்தது. மேலே. வெகு பக்கத்தில். தூக்கம் வருகிற நேரத்து முகம்போல அது இளகியது. இரண்டு கையையும் உயர்த்தியது.

"வேணாம்" என்றாள் அவள்.

கைக்குள் இருந்த கண் நழுவியது. குழந்தையின் பாதங்கள் தரையை விட்டு எழுந்தன. குதிகால். விரல்கள். அவள் முழங்கால் உயரம். இடுப்பு உயரம். அவள் பாய்ந்து கணுக்கால்களைப் பற்றினாள். தொங்கினாள். யாரும் பறிக்கவில்லை, உதறவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிறவர்களின் நிதானத்தோடு, அந்தச் சின்ன உடம்பு இப்படியும் அப்படியும் அசைந்தது. அசைவு கணுக்கால் வழியாக அவள் கைகளுக்கும் இறங்கியது.

மகளின் கன்னம் காற்றில் அழுந்தித் தட்டையாகியிருந்தது. முதுகுச் சட்டையில் ஐந்து இடத்தில் பள்ளம் விழுந்தது. வலது கண் சொக்கி மெல்ல மூடியது. சோம்பேறிக் கண் மட்டும் அகலத் திறந்தபடி, இமைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.