மெழுகு ராஜாவின் சாப்பாடு

மெழுகு ராஜாவின் தட்டில் வறுத்த வாத்து அப்படியே இருந்தது. பாலில் ஊறிய ரொட்டியை மட்டும் காணவில்லை.

தட்டைக் கொண்டுவந்து காட்டிய மருத்துவச்சி மெக்டில்ட், "வேலைக்காரங்கள்ல எவனாவது தின்னுருப்பான் தாயி, விடுங்க" என்றாள். ராணி ரிகென்சா தட்டை வாங்கிப் பார்த்தாள். திருடித் தின்பவன் வாத்தை விட்டுவிட்டுப் பால் ரொட்டியைத் தொடுவானா? தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதில் பல் பட்ட தடமே இல்லை. யாரோ சப்பிச் சப்பிக் கூழாக்கியிருந்தார்கள்.

ராஜா தீட்மார் இறந்து ஒன்பது வாரம் ஆகிறது. அடுத்த வாரிசு வரும்வரை சிம்மாசனம் காலியாக இருக்கக் கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். அதனால் மரத்தில் கூடு செய்து, மெழுகில் முகமும் கைகளும் வார்த்து, அவருடைய அங்கியையே போர்த்திக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வேளையும் கை கழுவ நீர், ரொட்டி, இறைச்சி, திராட்சை ரசம் எல்லாம் உண்டு. பரிமாறிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். பிறகு எடுத்துப்போய் ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். பொம்மையைத் தொட மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. இத்தனை வாரமும் தட்டு போனபடியே திரும்பி வந்தது. மூன்று நாளாகத்தான் இப்படி.

மூன்று நாளைக்கு முன்புதான் ரிகென்சாவுக்குப் பிரசவம் ஆனது. ஆண் பிள்ளைதான். ஆனால் அழவில்லை, மூச்சும் விடவில்லை.

ஆண் வாரிசு இல்லையென்றால் கிரீடம் கொழுந்தன் எக்பெர்ட்டுக்கு. கிரீடம் போனால் போகட்டும். அவன் ராஜாவானால் அவளுடைய நான்கு வயது மகள் கிசெலாவைக் கடலோரக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடுவான். வேண்டாத பெண் பிள்ளைகளை அந்த வம்சம் அங்கேதான் அனுப்பும். போனவர்களில் ஒருத்திகூட இரண்டாவது குளிர்காலத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பயத்தில்தான், விடிவதற்குள் மாவு அரைப்பவன் வீட்டுப் பச்சைக் குழந்தையைத் துணிக்கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். செத்த பிள்ளையை மெக்டில்ட் எடுத்துப் போனாள். எங்கே என்று கேட்க அப்போது ரிகென்சாவுக்குத் தெம்பில்லை.

பிரசவ அறையின் சன்னல்களையெல்லாம் கனத்த துணியால் மூடியிருந்ததால் பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான். அந்த இருட்டில் கட்டிக்கொண்ட பால் மார்பில் நெருப்பாய் வலிக்கப் படுத்துக் கிடந்தவளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கூடத்திலிருந்து தேன்மெழுகின் இனிப்பு வாசனை மெல்லக் கசிந்து வருவதும், அதற்குள் புளித்த பாலின் வாடை கலந்திருப்பதும், கல்லையும் துணியையும் தாண்டி ஈரமாக ஏதோ ஒன்று சப்புவதும் விட்டு விட்டுப் புலப்பட்டுக்கொண்டே இருந்தது. தொட்டிலில் இருந்த குழந்தை வாய் திறந்து தூங்கியது. சத்தம் அதனுடையது இல்லை.

"மெக்டில்ட், என் பிள்ளையை எங்க புதைச்ச?"

கிழவி தரையைப் பார்த்தாள். "புதைக்கல தாயி. கூடை உள்ள வந்த கையோட வாசல்ல எக்பெர்ட் ஆளுங்க வந்து நின்னுட்டானுங்க. அழுக்குத் துணியக்கூட உதறிப் பாத்துத்தான் வெளிய விடுறானுங்க. அதான் யாரும் தொடாத இடமாப் பாத்து..."

"எங்கடி?"

"ராஜா அங்கிக்குள்ள. அந்த மரக்கூட்டுக்குள்ள. அப்பன் மடிதானேன்னு வச்சேன்..."

ரிகென்சா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "போய் எடு. இப்பவே போ."

"எப்படித் தாயி? உச்சிவேளைக்குச் சடங்கு. கூடம் முழுக்க ஆளு."

கதவு திறந்தது. கிசெலா ஓடிவந்து கட்டிலில் ஏறினாள்.

"அம்மா, தம்பி பசிக்குதுன்னு அழுறான்."

"தூங்குறானே கண்ணு."

"இவன் இல்லம்மா. அப்பாகிட்ட இருக்கானே, அந்தத் தம்பி."

உச்சிவேளை ஆனது.

தகப்பன் வாரிசை ஏற்கும் சடங்கு சின்னதுதான். பிள்ளையை மெழுகு ராஜாவின் மடியில் கிடத்த வேண்டும். தாய் ராஜாவின் இடது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆயர் பரலோக மந்திரத்தை மனசுக்குள் சொல்லி முடித்து ஆமென் என்று குரல் கொடுக்கும்வரை எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்திருக்க வேண்டும். அதற்குள் யார் வாயிலிருந்தாவது ஒரு சத்தம் வந்தால், செத்த தகப்பன் பிள்ளையை மறுத்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

வாசலில் எக்பெர்ட் நின்றிருந்தான். "என்ன அண்ணி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? பையனப் பாத்தேன். எங்க வீட்டு மூக்கு ஒண்ணும் காணோமே?"

"மூணு நாள் பிள்ளைக்கு மூக்கு எங்க இருக்கும் கொழுந்தனாரே? இனிமேதான் முளைக்கணும்."

பிரபுக்கள் சிரித்தார்கள். ரிகென்சா, பாவாடையைப் பிடித்தபடி வந்த கிசெலாவோடு சிம்மாசனத்தை நெருங்கிக் குழந்தையை மெழுகு மடியில் கிடத்தினாள். ஆமென் வரை தாக்குப் பிடித்தால் போதும். என் பெண் பிழைத்துவிடுவாள். அதை மட்டும் நினைத்தபடி மெழுகுக் கையைப் பிடித்தாள்.

கை சூடாக இருந்தது.

குளிப்பாட்டித் துடைத்த பிள்ளையின் உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தது. தலைகள் குனிந்தன. ரிகென்சாவால் மட்டும் கண்ணை மூட முடியவில்லை. மடியில் கிடந்த குழந்தை சிணுங்கவில்லை. பேச்சு வராத பிள்ளையின் சத்தத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. அது அழுதிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அழவில்லை. அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கியின் வயிற்றுப் பக்கம் அசைந்தது.

உள்ளே சப்பும் சத்தம். வேகமாக. பிறகு நின்றது.

மெழுகு விரல்கள் அவள் விரல்களைச் சுற்றி மூடின. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

எக்பெர்ட் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அவன் பொம்மையைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிசெலா அவள் பாவாடையை விட்டாள். ஒரு படி ஏறினாள். இன்னொரு படி. அங்கிக்குள் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். கையை நீட்டினாள்.

வேண்டாம் கண்ணு. வராதே.

கத்தினால் மடம். கத்தாவிட்டால்?

கிசெலா மடியில் ஏறி உட்கார்ந்தாள். மெழுகு ராஜாவின் வலது கை அவள் முதுகைச் சுற்றி வந்தது. மெல்ல. ஆசையாக. மெழுகுக் கன்னத்தில் ரத்தச் சிவப்பு ஏறியது. கிசெலாவின் பாதம் மஞ்சளானது. பிறகு முழங்கால். பிறகு இடுப்பு.

"கிசெலா!"

கூடமே அதிர்ந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. எக்பெர்ட் வெற்றியோடு வாளில் கை வைத்தான். அப்போதுதான் அவனும் சிம்மாசனத்தைப் பார்த்தான். அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

மடியிலிருந்து உருண்டு விழுந்த மாவு அரைப்பவனின் பிள்ளை தரையில் கிடந்து வீறிட்டு அழுதது. மடியில் கிசெலா மட்டும் இருந்தாள். கழுத்துவரை மெழுகு, வழவழவென்று, மஞ்சளாக, மடிப்புக் கலையாத மெழுகுச் சட்டை. அதற்கு மேலே அவள் கண்கள் இன்னும் அசைந்து அசைந்து, அத்தனை முகங்களுக்கு நடுவே அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தன.